நாற்பத்தோரு பார்

மின்விசிறியை நிறுத்திவிட்டார்கள்.
தாள் பறக்குமாம்.
கல்மண்டபம் பக்கம், மீன்வண்டிகள்
ஐஸ் தண்ணீர் சொட்டிக்கொண்டு போகும் தெருவில்
இந்தக் கோவில் கூடத்தில்
முப்பத்திரண்டு பேர் வேர்வை வழிய
பெத்லகேமின் குளிரைப் பாடுகிறோம்.

ஒரேட்டோரியோ என்று சொல்ல
பேஸ் மரியநேசத்துக்கு வாய் வராது.
“ஒரத்தூர் இன்னிக்கு எத்தன மணிக்கு?”
விடிகாலை காசிமேட்டில் வஞ்சிரம் ஏலம்விட்ட தொண்டை
சாயங்காலம் அகுஸ்துராயனாகி
உலகமெங்கும் குடிமதிப்பு எழுதச் சொல்கிறது.
யாரும் மறுபேச்சு பேச முடியாத குரல்.

பெரம்பூரிலிருந்து ஆறு வயலின்.
கேரேஜ் ஒர்க்ஸில் ரிட்டயரான டெஸ்மண்டின் ஒரே ஒரு செல்லோ.
கெட்டில் டிரம் கிடைக்கவில்லை.
வியாசர்பாடி பேண்டு செட்டின் பெரிய டிரம் வந்திருக்கிறது,
கல்யாணத்துக்கும் இறுதி ஊர்வலத்துக்கும்
ஒரே போன் நம்பர் எழுதிய வயிற்றோடு.

மூன்றாம் பாகத்தில்தான் சத்திரம்.
டெனார் முதலில் சொல்கிறது: இடமில்லை.
அது முடியுமுன் சோப்ரானோ: இடமில்லை.
அதன்மேல் பேஸ்.
ஒரு தெருவின் கதவுகள்
ஒன்றன்பின் ஒன்றாகச் சாத்துவதுபோல.
கடைசிக் கதவு நாங்கள், ஆல்ட்டோ.
அதுவரை நாற்பத்தோரு பார் சும்மா நிற்க வேண்டும்,
எண்ணிக்கொண்டு.

துறைமுகத்தில் சரக்குக் கணக்குப் பார்க்கும் ஆல்வின் சார்
குச்சியைத் தட்டினார்.
“இரக்கமே வேணாம் ஆல்ட்டோ.
இல்லையில் ரெண்டு லகரம் இருக்கு.
நடுவுல தாழ்ப்பாள் விழுற சத்தம் கேக்கணும்.”
நான் பாடிக் காட்டினேன்.
“இதுதான்! எல்லாரும் இவங்களக் கேளுங்க.”

எனக்குப் பயிற்சி தேவைப்படவில்லை.

ஐப்பசியில், தண்டையார்பேட்டையில், என் வீட்டு வாசலில்
டு-லெட் போர்டைப் பார்த்து இரண்டு பேர் வந்தார்கள்.
ஒரிசாவாம். அவனுக்கு மணலியில் கண்டெய்னர் யார்டில் வேலை.
அவளுக்கு ஏழு மாதம் இருக்கும்.
ரெக்ஸின் பையில் ஒரு குக்கரின் கைப்பிடி
வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.
தண்ணீர் கேட்டாள். கொடுத்தேன்.
தண்ணீர்க் கஷ்டம், லாரி வருவதில்லை என்று
அவள் குடித்துக்கொண்டிருக்கும்போதே சொன்னேன்.
இரண்டு பேர் என்பார்கள், பத்துப் பேர் வருவார்கள்.
இதை மட்டும் மனசுக்குள்.
பெயரைக் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் வாடகை பேச வேண்டியிருக்கும்.
அவள் சொம்பை வாசல் குழாயில் கழுவி
கவிழ்த்து வைத்துவிட்டுப் போனாள்.

மாடியில் இப்போது கூரியர் கம்பெனிப் பையன்.
தனி ஆள். சத்தமே கிடையாது.

கச்சேரி அன்று மழை.
வெள்ளைப் புடவைகளின் கரையெல்லாம் சேறு.
வெளியே கண்டெய்னர் லாரிகள்
எந்த சுருதியிலும் சேராமல் ஹாரன் அடித்தன.
டெனார் கதவைச் சாத்தியது.
எண்ண ஆரம்பித்தேன்.
ஒரு பார். இரண்டு பார். மூன்று பார்.
எத்தனை வருஷமாக எண்ணுகிறேன்,
இது தமிழ் என்று அன்றைக்குத்தான் காதில் விழுந்தது.
பார். பார். பார்.
பதினேழு பார்: ரெக்ஸின் பை.
இருபத்தாறு பார்: வீங்கிய கால், செருப்பின் வார் அறுந்த இடத்தில் ஊக்கு.
முப்பதுக்கு மேல் கணக்குத் தப்பிவிட்டது.

சாரின் இடது கை எங்கள் பக்கம் எழுந்தது.
எனக்கு வாய் வரவில்லை.
பக்கத்தில் ஏழு பேர் சரியாக நுழைந்தார்கள்.
லகரம் விழுந்தது. டிரம் அதிர்ந்தது.
ஒரு ஓட்டை இல்லை, ஒரு தடுமாற்றம் இல்லை,
நான் பாடாமலே
இடமில்லை முழுசாக இருந்தது.

முடிந்ததும் மின்விசிறிகளைப் போட்டார்கள்.
தாள்கள் பறந்தன.
மரியநேசம் இலைத்தட்டில் பிளம் கேக்கோடு வந்து
மனசாரச் சொன்னார்:
“கதவ நல்லா சாத்துனீங்கம்மா.”